நீல டிபன் பாக்ஸ் தொடர்பாக

நாற்பதடிக் கண்டெய்னர் ஒன்றைத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்க எனக்கு மூன்று நாள் போதும். முந்திரிக்கொட்டை, மரக்கட்டை, பழைய பேப்பர், ஒரு தடவை யாரோ வரவழைத்த சர்க்கஸ் கூடாரம் என்று, இருபது வருஷமாகக் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் இருந்து எத்தனையோ சரக்கை எடுத்துக் கொடுத்தவன் நான். எந்தப் பேப்பரை எந்த மேஜையில் எந்த வேளையில் வைக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவன், ஒரு சாண் நீளமுள்ள நீல டிபன் பாக்ஸ் ஒன்றுக்காகப் பத்து மாதம் நாயாய் அலைந்தேன். எடுத்துக்கொண்டு போகக்கூட இல்லை, திறந்து பார்ப்பதற்கு. இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கேயாவது வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங் என்று பெயர். யாராவது ஒருவர் ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டும் பென்சிலும் போட்டு, வெளியிடத்தில் எங்காவது ஒளித்துவைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் போனை வைத்துக்கொண்டு தேடிப் போய்க் கண்டுபிடித்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். பரிசு கிடையாது, பைசா கிடையாது. என் மனைவி ரீனா இதற்கு வைத்திருக்கும் பெயர் வேலையத்த வேலை.

இதை எனக்குப் பழக்கிவிட்டவன் என் தம்பி மெல்வின். கப்பலில் என்ஜினியராக இருந்தான். லீவில் வரும்போதெல்லாம் நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் குலசேகரன்பட்டினம் வரைக்கும் டப்பா தேடிப் போவோம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது அவன் கப்பல் நடுக்கடலில் இருந்தது. ஒன்பதாம் நாள்தான் வந்து சேர்ந்தான். அத்தனை சொந்தக்காரர்கள் முன்னிலையில், "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதலே" என்று சொல்லிவிட்டேன். அவன் பையை எடுத்துக்கொண்டு திரும்பினான். பிறகு கனடாவில் குடியேறி, அந்த நாட்டுக்காரனாகவே ஆகிவிட்டதாகக் கேள்வி. அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவைத்திருந்தேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் ஒரு தடவை சொல்லிவிட்டால் அதை எப்படி வாபஸ் வாங்குவது என்பதற்கு எனக்கு முறை தெரியவில்லை.

போன பிப்ரவரியில் என் போனுக்கு அறிவிப்பு வந்தது. தூத்துக்குடியில் புது டப்பா. வைத்தவன் மெல்வின். முத்தையாபுரத்துக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரையில் இடிந்து கிடக்கும், ஒரு காலத்தில் முத்துச்சிப்பி சேமித்துவைத்த பழைய கிட்டங்கியின் பின்சுவர்ப் பொந்தில் நீல டிபன் பாக்ஸ். குறிப்பில் மூன்று வரி எழுதியிருந்தான். "வாசப்படியை மிதிக்காமல் வைத்துவிட்டுப் போகிறேன். உள்ளே நோட்டில் ஒரு கேள்வி இருக்கிறது, பதிலை அதிலேயே எழுதவும். டிசம்பரில் வந்து பார்ப்பேன்."

ஊருக்கு வந்திருக்கிறான். வீட்டுக்கு வரவில்லை. நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறான். உடனே ஸ்கூட்டரை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அவன் கூப்பிட்ட உடனே ஓட வேண்டுமா, நான் மூத்தவன் அல்லவா என்று பதினோரு நாள் வீறாப்பாக இருந்தேன். பன்னிரண்டாம் நாள் போனால், கிட்டங்கியைச் சுற்றி எட்டடி உயரத்துக்குக் கம்பிவேலி நின்றது. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை.

"அண்ணாச்சி, அங்கன போவக் கூடாது" என்றான் காவலாளி. செந்தில்வேல் என்று பெயர், ஏரல்காரன். "வாரியத்து இடம்லா."

"எந்த வாரியம்?"

"முத்துக்கரைக் காப்பு வாரியம். மார்ச்சு வருதுல்லா, மிச்சம் கெடந்த துட்டத் தீக்கணும்னு வேலி போட்டுட்டாவ."

இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிப்பி போயிற்று, குளித்தவர்கள் போனார்கள், வாங்க வந்த வியாபாரிகளும் போனார்கள். வாரியம் மட்டும் போகவில்லை. நாற்பத்தொரு பேர் வேலை பார்க்கிறார்கள். தினமும் காலை பத்து மணிக்கு மணி அடிப்பார்கள். காவலாளி கிட்டங்கி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "முத்து இல்லை" என்று உரக்கச் சொல்வான். எழுத்தர் பதிவேட்டில் "முத்து: இல்லை" என்று எழுதுவார். கண்காணிப்பாளர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். சனிக்கிழமை மட்டும் வேலை கொஞ்சம் கூடுதல். "வார மொத்தம்: இல்லை" என்றும் ஒரு வரி எழுத வேண்டும்.

எனக்கு ஒன்றும் பயமில்லை. படிவம் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மறுநாளே வாரிய ஆபீஸுக்குப் போனேன். எழுத்தர் ஜெப்ஸி நல்ல பெண், சாத்தான்குளத்துக்காரி. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தொலைந்த பொருள் படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"பொருள் எங்க தொலைஞ்சுது சார்?"

"தொலையலம்மா. கிட்டங்கிப் பின்சுவருல இருக்கு. அட்சரேகை, தீர்க்கரேகை இந்தா இருக்கு, புள்ளிக்கு அப்புறம் மூணு தானம் வரைக்கும்."

"இடம் தெரிஞ்சா அது தொலைஞ்ச பொருள் ஆகாதே சார்" என்று படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "அப்போ கண்டெடுத்த பொருளா?"

"இன்னும் எடுக்கலையே. எடுக்கத்தான் விட மாட்டேங்கீங்களே."

"கைவிடப்பட்ட பொருள்?"

"கைவிடலம்மா. என் தம்பி எனக்காக ஒளிச்சு வச்சது."

ஜெப்ஸியின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "ஒளிச்சு வச்சதுன்னு சொல்லாதீங்க சார். விதி பதினாலு, பதுக்கல்ல வந்துரும். உங்க தம்பி மேல கேஸ் ஆயிரும்" என்றாள். பிறகு நல்லெண்ணத்தோடு ஒரு யோசனையும் சொன்னாள். எல்லாவற்றையும் மறந்துவிட்டு, அந்த இடமே எனக்குத் தெரியாது என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், தொலைந்த பொருளாகப் பதிவு செய்து தேடச் சொல்லலாமாம். தேடுவதற்கான பணியிடம் நாற்பது வருஷமாகக் காலியாக இருப்பதால் கொஞ்சம் தாமதம் ஆகலாமாம்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு வாரியத்துக்குப் போவேன். ரீனாவிடம் ஆபீஸ் வேலை என்பேன். ஜூனில்தான் கண்காணிப்பாளர் ராஜபாண்டியைப் பார்க்க முடிந்தது. மேஜையில் கண்ணாடிக்கு அடியில் ஒரு முத்தின் படம் வைத்திருந்தார்.

"பாருங்க மிஸ்டர் கிளாட்வின், எங்க சேவைய யாருமே புரிஞ்சுக்கிறதில்ல" என்று ஆரம்பித்தார். "முத்து இருந்த காலத்துல அதைக் காக்கிறது பெரிய விஷயமா? எவன் வேணும்னாலும் காப்பான். இல்லாத முத்தைக் காக்கிறதுக்குத்தான் சார் டெடிகேஷன் வேணும். அந்தக் காலத்துல வருஷத்துக்கு நூறு திருட்டுக் கேஸ். இப்போ அறுபது வருஷத்துல ஒன்னு, ஒரே ஒரு முத்து களவு போச்சுன்னு யாராச்சும் சொல்லட்டும் பாப்போம். ஜீரோ! வேற எந்த டிபார்ட்மென்ட்ல இந்த ரிசல்ட் இருக்கு?"

நான் டிபன் பாக்ஸை ஞாபகப்படுத்தினேன்.

"உள்ள போக அனுமதி உண்டே. செவ்வாய்க்கிழமை பத்துலேர்ந்து பன்னெண்டு. பாஸ்போர்ட்டக் காட்டினாப் போதும், இளநீ குடுத்து நாங்களே சுத்திக் காட்டுவோம். ஆனா வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்."

"உள்ளூர்க்காரன் என்ன சார் பாவம் பண்ணுனான்?"

"உங்க தாத்தா என்ன தொழில்?"

"முத்துக் குளிச்சாரு."

ராஜபாண்டி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க. சிப்பிய எங்க தேடணும், எப்படித் திறக்கணும்னு உங்க ரத்தத்துலேயே இருக்கு. கனடாக்காரனுக்கு என்ன சார் தெரியும்? அவனால எங்களுக்கு ஆபத்து இல்ல."

கனடா என்ற சொல்லை அவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இணையதளத்தில் மெல்வினுக்கே ஒரு செய்தி அனுப்பிவிடலாமா என்று அன்று யோசித்தேன். நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் அழித்தேன். எட்டு வருஷம் கழித்துப் பேசும் முதல் பேச்சு, "வேலி போட்டிருக்கிறார்கள், உன் கேள்வியை இங்கேயே சொல்" என்றா இருக்க வேண்டும்? அவன் நோட்டில் கேட்டிருக்கிறான், நான் நோட்டில் பதில் எழுதுவதுதான் முறை. என்ன கேட்டிருப்பான் என்பது எனக்கு ஒரு மாதிரி தெரியும். பதிலும் தயாராக இருந்தது. அதை எழுத ஒரு பென்சிலும் அரை நிமிஷமும் போதும். அதற்குத்தான் வழியில்லை.

கடைசியில் முறையை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, ஆகஸ்டில் சிலுவையின் வள்ளத்தில் கடல் வழியாகப் போனேன். சிலுவை என்னோடு படித்தவன். நான் போனில் திசை பார்ப்பதைக் கண்டு சிரித்தான்.

"மாதா கோயில் கோபுரத்தையும் அந்தப் பொகக் கொழாயையும் நேருக்கு நேர் புடிச்சா கிட்டங்கி வாசல்ல போய் நிப்பேன். ஒனக்கு எதுக்குலே வானத்துலேர்ந்து ஆளு வழி சொல்லணும்?"

சொன்னபடியே கொண்டுபோய் நிறுத்தினான். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தேன். பின்சுவர் தெரிந்தது. பொந்து தெரிந்தது. பொந்துக்குள் நீலம்கூடத் தெரிந்தது. இன்னும் முப்பதடி. செந்தில்வேல் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். விதி இருபத்தேழின்படி, கடல் வழியாகக் காப்பு எல்லைக்குள் நுழைகிறவன் முத்தை விழுங்கியிருக்கக்கூடும். ஆகவே அவனுக்கு விளக்கெண்ணெய் கொடுத்து, பலன் தெரியும்வரை இரண்டு சாட்சிகளின் பார்வையில் வைத்திருக்க வேண்டும். வள்ளத்தைவிட்டு இறங்காததால் சிலுவைக்கு இந்த விதி பொருந்தாது. அவனை ஒரு சாட்சியாகப் போட்டார்கள்.

"சார், முத்தே இல்லாத எடத்துல நான் எப்படி சார் முத்த முழுங்க முடியும்?" என்று ராஜபாண்டியிடம் கத்தினேன்.

"இருக்கா இல்லையான்னு முடிவு பண்ண வேண்டியது நீங்க இல்ல, வாரியம்" என்றார் அவர், அளவுக் கரண்டியைத் துடைத்துக்கொண்டே.

மத்தியானம் பன்னிரண்டரைக்குக் குடித்தேன். நாலே கால் வரைக்கும் பலன் தெரிந்துகொண்டே இருந்தது. ஐந்து மணிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயர், தகப்பனார் பெயர், வயது, அங்க அடையாளம், அதன் கீழே "முத்து: இல்லை". சாட்சிக் கையெழுத்துப் போட்ட சிலுவை, வள்ளத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்துக்கொண்டே வந்தான்.

ஒரு வாரம் படுத்திருந்துவிட்டு எழுந்து, என் இருபது வருஷ வித்தையையும் இறக்கி ஒரு மனு தயாரித்தேன். முப்பத்தொரு இணைப்புகள். தூத்துக்குடிச் சுங்கத்தில் அப்படி ஒரு மனுவை நீட்டினால் எழுந்து நின்று வாங்குவார்கள். வாரியமும் அதைக் கண்டு அசந்துபோனது. அவசரக் கூட்டம் போட்டு, அந்தப் பெட்டியை வாரியமே திறந்து பரிசோதிப்பது என்று தீர்மானம் நிறைவேற்றியது. நவம்பர் பதினாறாம் தேதி விழா. எனக்கும் அழைப்பிதழ் வந்தது. மனுதாரர் வேலிக்கு வெளியே, இருநூறு மீட்டர் தள்ளி, கயிற்றுக்குப் பின்னால் நின்று கண்டுகளிக்கலாம்.

சாமியானா போட்டிருந்தார்கள். வாரியத் தலைவர் மைக்கில் பேசினார். "இந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. யாருக்குப் பயன்படும் என்றும் தெரியாது. தெரியாமலேயே இத்தனை மாதம் ஒரு மனிதனையும் நெருங்க விடாமல் காத்தோமே, அதுதான் இந்த வாரியம்!" நாற்பத்தொரு பேரும் கை தட்டினார்கள்.

செந்தில்வேல் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியை எடுத்து வந்தான். முத்துக்களைத் தரம் பிரிக்கும் பழைய பித்தளைச் சல்லடைகள் பத்தையும் மேஜையில் வரிசையாக வைத்திருந்தார்கள். முதலில் பென்சிலைச் சலித்தார்கள். பிறகு நோட்டைச் சலித்தார்கள். நோட்டு எந்தச் சல்லடையிலும் விழவில்லை என்பதால் முதல் தரம் என்று பதிவாயிற்று. தலைவர் நோட்டைப் பிரித்தார். ராஜபாண்டியிடம் ஏதோ கேட்டார். அவர் ஜெப்ஸியிடம் ஏதோ சொன்னார். விதிப் புத்தகம் வந்தது, பேனா வந்தது, முத்திரை வந்தது. எண்பது வருஷத்து முத்திரை, எழுத்தெல்லாம் தேய்ந்து வட்டம் மட்டும்தான் விழும். தலைவர் நோட்டில் எதையோ எழுதினார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அது எனக்கு எழுதினது! எனக்குய்யா!" என்று கத்தினேன். மைக்கில் "முத்து இல்லை" என்று அறிவித்தார்கள். கைதட்டலில் என் சத்தம் எங்கே கேட்கும்?

முத்தில்லாத சிப்பியை எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும் என்பது விதி. பெட்டியைப் பொந்திலேயே வைத்துவிட்டார்கள்.

வாசலில் ராஜபாண்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "திருப்திதானே? நீங்க கேட்டபடி தொறந்து பாத்தாச்சு."

"உள்ள என்ன சார் எழுதியிருந்துச்சு? நீங்க என்ன எழுதுனீங்க?"

"நடவடிக்கைக் குறிப்போட நகல் வேணும்னா எழுதிக் குடுங்க. முப்பது நாள்ல வந்துரும்."

எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்? பிறகு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது நாள் கழிந்தது, நகல் வரவில்லை. டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு என் போனுக்கு இணையதள அறிவிப்பு வந்தது. மெல்வின் எழுதியிருந்தான். "கேள்விக்குப் பதில் கிடைத்தது. பெட்டியை எடுத்துக்கொண்டேன்."

கனடா பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். இளநீர் கொடுத்திருப்பார்கள்.

நகல் அதற்கு மறுநாள் பதிவுத் தபாலில் வந்தது. நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் இருந்தது:

"நோட்டின் முதல் தாளில் காணப்பட்ட மனு: 'அண்ணே, நான் வீட்டுக்கு வரட்டுமா?' வாரியத்தின் கைக்கு வரும் எந்த மனுவுக்கும் எழுத்துமூலம் பதில் தர வேண்டும் என்ற விதியின்படி அதே தாளில் வழங்கப்பட்ட பதில்: மனு உரிய படிவத்தில் இல்லை. உறவுமுறைச் சான்று இணைக்கப்படவில்லை. நிராகரிக்கப்படுகிறது. குறிப்பு: வாரிய வரலாற்றிலேயே பெறப்பட்ட அன்றே பைசல் செய்யப்பட்ட முதல் மனு இது."

சமையலறையில் ரீனா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நகலை அவள் முன்னால் போட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினேன்; பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு முழுதும் படித்தாள்.

"தம்பி இன்னைக்குத்தான் மெட்ராஸ்லேர்ந்து பிளேன் ஏறுது" என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தம்பி வீட்டுக்காரிகிட்ட ஞாயித்துக்கிழமை தவறாமப் பேசுதேன், எட்டு வருஷமா. தம்பி நம்பரும் எங்கிட்ட இருக்கு."

"ஏளா, இத்தன நாளா சொல்லல!"

"அந்தப் பேர எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருந்தீங்க" என்று ரீனா போனை எடுத்து, அவளே நம்பரைப் போட்டுக் கொடுத்தாள்.

மூன்றாவது மணியில் எடுத்துவிட்டான். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம்.

"நாந்தாம்லே" என்றேன்.

"அண்ணே" என்றான்.

"ஏலே, அது நான் எழுதுனது இல்ல. அந்த வாரியத்துக்காரனுவ எழுதினது. நான் அந்தப் பெட்டியத் தொட்டுக்கூடப் பாக்கலலே. பத்து மாசமா என்னை உள்ள விடல. நீ வா. திரும்பி வீட்டுக்கு வாலே."

"கேட்டுல நிக்கேன்ண்ணே. ஏறச் சொல்லுதாங்க. இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் லீவு."

ஆத்திரம் யார்மேல் என்றே தெரியாமல் அவன்மேலேயே திரும்பியது.

"உரிய படிவத்துல இல்ல, உறவுமுறைச் சான்று இல்லன்னு ஒருத்தன் எழுதி வச்சிருக்கான். அதப் படிச்சுட்டுமா நான் எழுதுனதுன்னு நெனச்ச? ஒரு சந்தேகம்கூடவா வரல?"

"வரலண்ணே" என்றான் மெல்வின். "நீ பேசுத மாதிரியேதான் இருந்துச்சு."